நாய்க்குட்டி ஏன் கடிக்கிறது? பால்பற்கள் விழுவதற்குள் கற்றுக்கொடுக்க வேண்டியவை

எட்டு வாரக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் ஓரிரு நாள் தூங்கியே கழிக்கும். அப்புறம் ஒரு மாலை கச்சேரி தொடங்கும். சோபாவுக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்து கணுக்காலைக் கவ்வும். காலை இழுத்துக்கொண்டால் கால்சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். குனிந்து விலக்கப் போனால் கை மாட்டும். முன்கையெல்லாம் சிவப்புக் கீறலோடு யோசனை கேட்கப் போனால், ஆளுக்கொன்று சொல்வார்கள்: மூக்கில் ஒரு தட்டுத் தட்டு, ஐயோவென்று கத்து, கண்டுகொள்ளாதே, வாயை இறுக்கிப் பிடி, பல் முளைக்கிறது தானாகச் சரியாகிவிடும்.

இவற்றில் சில பலன் தரும், சில ஒன்றும் செய்யாது, இரண்டு நிச்சயமாகக் கெடுதல். எது எது என்று பிரிக்க, குட்டியின் வாயிலிருந்து தொடங்குவதுதான் வசதி.

வாய்க்குள் நடப்பது

நாய்க்குட்டி பல்லில்லாமல்தான் பிறக்கிறது. மூன்றாவது வாரத்தையொட்டிப் பால்பற்கள் முளைக்கத் தொடங்கி, 6 முதல் 8 வாரத்துக்குள் 28 பற்களும் வந்துவிடும். ஏறக்குறைய நாலாவது மாதம் முன்பற்கள் ஆடி விழ ஆரம்பிக்கும். ஆறாவது, ஏழாவது மாதத்துக்குள் அந்த இடங்களிலும் புதிய இடங்களிலுமாக 42 நிரந்தரப் பற்கள் நின்றுவிடும். விழுந்த பால்பற்களைப் பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடும். தரையில் அரிசி போல ஒன்றிரண்டு கிடந்தால் உண்டு.

பால்பற்கள் ஊசி போலக் கூர்மையானவை. அதே வயதில் தாடைக்கு வலு குறைவு. இந்தச் சேர்க்கையில் ஒரு நியாயம் இருக்கிறது என்று 1980களில் குட்டிகளுக்கான பயிற்சி வகுப்புகளைப் பரவலாக்கிய கால்நடை மருத்துவர் இயன் டன்பார் விளக்குகிறார். கூர்மை இருப்பதால் சிறு கடியும் வலிக்கிறது. வலு இல்லாததால் பெரிய காயம் ஆவதில்லை. ஆக, கடித்தால் எதிரில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதைக் குட்டி மலிவாகக் கற்றுக்கொள்ளும் காலம் இது. நாலரை, ஐந்து மாதத்தில் பற்கள் மாறி, தாடையும் முறுக்கேறத் தொடங்கிவிட்டால் அதே பாடத்தின் விலை ஏறிவிடும்.

இன்னொன்று, குட்டிக்குக் கை கிடையாது. ஒரு பொருள் மெத்தென்றிருக்கிறதா, ஓடுமா, சத்தம் போடுமா, தின்னலாமா என்று நாம் விரலால் தடவிப் பார்ப்பதை அது வாயால்தான் செய்தாக வேண்டும். எட்டு வாரக் குட்டி ஒன்றையுமே வாயில் வைக்காமல் இருந்தால் அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஐந்து கடிகள்

“குட்டி கடிக்கிறது” என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாலும், அதற்குள் குறைந்தது ஐந்து விஷயங்கள் கலந்திருக்கின்றன. எந்த நேரத்தில், எதற்கு முன்னும் பின்னும் கடிக்கிறது என்று இரண்டு நாள் குறித்து வைத்துப் பாருங்கள். பிரிப்பது கஷ்டமில்லை.

1. விளையாட்டுக் கடி. முன்னங்காலை நீட்டி, பின்பகுதியைத் தூக்கி, உடம்பை நெளித்துக்கொண்டு வரும். குரைப்பும் உறுமலும் கூட இருக்கும். உடன்பிறந்த குட்டிகளோடு இப்படித்தான் நாள் முழுக்க விளையாடிக்கொண்டிருந்தது; இப்போது அவை இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள். மந்தை மேய்க்கும் இனங்களில் வந்தவை ஓடும் குதிகாலைக் குறிவைக்கும். வேட்டையில் வீழ்ந்த பறவையை எடுத்துவரப் பழக்கிய இனங்களில் வந்தவை எதையாவது வாயில் வைத்துக்கொண்டே இருக்கும்.

2. ஈறு அரிக்கும் கடி. பெரும்பாலும் மூன்றரை மாதத்துக்கு மேல். ஆளைத் தேடி வராது; மேசைக் கால், செருப்பு, கதவு ஓரம் என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து அரைக்கும். மென்ற பொம்மையில் லேசாக ரத்தக் கறை தெரியும்.

3. தூக்கக் கடி. அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். இந்த வயதுக் குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டியது. வீட்டில் ஆட்களும் சத்தமும் இருந்தால் தானாகப் போய்ப் படுக்காது. தூக்கம் தாண்டிய குழந்தை அழுது அடம்பிடிப்பதுபோல, தூக்கம் தாண்டிய குட்டி வட்டமடித்து ஓடி, கண்டதையும் கடிக்கும். கண் கொஞ்சம் சிவந்தோ வெறித்தோ இருக்கும்; பொம்மையைக் கொடுத்தால் துப்பிவிட்டுக் கைக்கே திரும்பி வரும். மாலை ஆறு, ஏழு மணிக்குப் பல வீடுகளில் நடப்பது இந்த வகை. “இவ்வளவு ஆட்டம் போடுகிறதே, இன்னும் ஓடவிட்டுக் களைப்பாக்குவோம்” என்று பந்தை எடுத்தால் நிலைமை மோசமாகும்.

4. கேட்டு வாங்கும் கடி. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து ஒரு கவ்வு கவ்விவிட்டு முகத்தைப் பார்க்கும். நீங்கள் நிமிர்ந்தால் காரியம் முடிந்தது.

5. விலக்கும் கடி. தூக்கும்போது, நகம் வெட்டும்போது, தின்னும்போது கிட்டப் போனால், வாயில் இருப்பதைப் பிடுங்கினால் வருவது. மற்ற நான்கோடு இதைச் சேர்க்கக் கூடாது. இதைத் தனியாகப் பார்ப்போம்.

கடிக் கட்டுப்பாடு என்றால் என்ன

தாடையின் அழுத்தத்தைத் தானே அளந்து குறைத்துக்கொள்ளும் பழக்கத்துக்குக் கடிக் கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்வோம். கடிக்காமல் இருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

வளர்ந்த இரண்டு நாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சாது. இரண்டின் வாலும் ஒருநாள் கதவிடுக்கில் நசுங்குகிறது. வலியில் இரண்டுமே திரும்பிப் பக்கத்திலிருக்கும் கையைக் கவ்வுகின்றன. ஒரு கையில் எச்சில் ஈரம் மட்டும் இருக்கிறது. இன்னொரு கைக்குத் தையல் போட வேண்டியிருக்கிறது. குணத்தில் வித்தியாசம் இல்லை. சின்ன வயதில் கற்றதில்தான் வித்தியாசம்.

இந்தப் பாடம் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் தொடங்குகிறது. பற்கள் வந்தபின் பால் குடிக்கும் குட்டி அழுத்திக் கடித்தால் தாய் எழுந்து போய்விடும். இரண்டு குட்டிகள் கட்டிப்புரளும்போது ஒன்று காதை ஓங்கிக் கடித்தால் மற்றது வீலென்று கத்தி ஒதுங்கிக்கொள்ளும். கொஞ்ச நேரம் விளையாட ஆள் கிடையாது. நாளுக்குப் பல தடவை இது நடந்தால் கணக்குப் புரிந்துவிடும்: அழுத்தினால் விளையாட்டு முடிந்துவிடும், மெதுவாகக் கவ்வினால் தொடரும். எட்டு வாரத்துக்கு முன்பே குட்டியைப் பிரிக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஐந்து வாரத்தில் பிரிக்கப்பட்டோ, ஒற்றைக் குட்டியாகப் பிறந்தோ வந்தது என்றால் கடி கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இருக்கும். பொறுமை கூடுதலாக வேண்டும்.

மனிதர் வீட்டில் இந்தப் பாடத்தை எப்படித் தொடர்வது என்பதில் பயிற்சியாளர்களிடம் இரண்டு கட்சி. முதலில் அழுத்தத்தைக் குறை, பிறகு எண்ணிக்கையைக் குறை என்பது டன்பாரின் வழி. அதாவது வலிக்கும் கடிக்கு மட்டும் முதலில் விளையாட்டை நிறுத்துவது. சில வாரங்களில் அந்த எல்லையை இறக்கி இறக்கி, கடைசியில் பல் பட்டாலே ஆட்டம் நின்றுவிடும் என்று கொண்டுவருவது. மனிதத் தோலில் பல்லே படக் கூடாது என்று முதல் நாளிலிருந்து சொல்வது இன்னொரு கட்சி. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு முதல் வழி சரி. சின்னக் குழந்தைகள் இருந்தால் இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும், ஏனென்றால் “லேசான கடி” எது என்று நாலு வயதுக் குழந்தையால் அளந்து சொல்ல முடியாது.

தெரியாமல் கொடுக்கும் சம்பளம்

ஒரு செயலுக்குப் பிறகு விலங்குக்குப் பிடித்தது நடந்தால் அந்தச் செயல் மீண்டும் வரும். குட்டிக்குப் பிடித்தது என்ன? அசைவு, சத்தம், உங்கள் முகம் தன் பக்கம் திரும்புவது. கடிபட்டவர் செய்வதைப் பாருங்கள்: கையை வெடுக்கென்று இழுக்கிறார், கத்துகிறார், குனிந்து பேசுகிறார். மூன்று பரிசும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன. “நோ, நோ” என்று நாள் முழுக்கச் சொல்லியும் கேட்கவில்லை என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அந்தச் சொல்லைக் குட்டி விளையாட்டின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் ஒருவர் கடித்ததும் எழுந்துபோகிறார், இன்னொருவர் கையை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டுகிறார் என்றால் இன்னும் சிக்கல். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை ஆழமாகப் பதியவைக்கும். சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் ஆட்கள் எழாமல் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

“ஐயோ” என்று கத்தும் உத்தியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. மென்மையான சில குட்டிகள் அந்தச் சத்தத்தில் விட்டுவிட்டுப் பார்க்கும். பல குட்டிகளுக்கு அது சிக்கிக்கொண்ட இரையின் கீச்சல் போலக் கேட்டு, உற்சாகம்தான் கூடும். இரண்டு, மூன்று தடவை செய்து பாருங்கள். இன்னும் வேகமாக வந்தால் அந்த உத்தியை விட்டுவிடலாம்.

என்ன செய்வது

முதலில் தூக்கம். விழித்து ஒரு மணி நேரம் ஆனதும் அமைதியான இடத்தில் படுக்கவைத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூங்க விடுவது பல பயிற்சியாளர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. கூண்டோ, தடுப்பு வேலியோ, ஓர் அறையின் மூலையோ, எதுவானாலும் சரி. இதை ஒழுங்காகச் செய்தால் பல வீடுகளில் மாலைக் கடி ஒரு வாரத்தில் பாதியாகிவிடும், மிச்சத்துக்குத்தான் பயிற்சி.

கடிக்கும் அந்த நொடிக்கு இப்படி:

1. கையை இழுக்காதீர்கள். அசைவில்லாமல் விட்டுவிடுங்கள். இழுத்தால் பல் கீறும், குட்டியும் துரத்தும்.

2. பக்கத்தில் எப்போதும் ஒரு பொம்மை இருக்கட்டும். அதைத் தரையில் ஆட்டி உயிரூட்டுங்கள். கிடந்தபடி கிடக்கும் பொம்மை, அசையும் விரலோடு போட்டி போட முடியாது. பொம்மையைக் கவ்வியதும் இழுபறி விளையாடலாம். இழுபறி விளையாட்டு நாயை மூர்க்கமாக்கும் என்பது பழைய நம்பிக்கை. பல் கையில் பட்டால் ஆட்டம் நிற்கும் என்ற ஒரே விதியோடு விளையாடினால், அது கடிக் கட்டுப்பாட்டுக்கு நல்ல வகுப்பு.

3. பொம்மையை விட்டுக் கைக்கே வந்தால், “போதும்” போல ஒரே ஒரு சொல்லைச் சாதாரணக் குரலில் சொல்லி எழுந்து, வேலிக்கோ கதவுக்கோ அந்தப் பக்கம் போய்விடுங்கள். இருபது, முப்பது நொடி போதும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினால் எதற்காகப் போனீர்கள் என்பதே அதற்கு மறந்திருக்கும். குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அடைப்பதைவிட நீங்கள் விலகுவது நல்லது. தூக்குவதும் அதற்கு ஒரு விளையாட்டுதான்.

4. திரும்பி வந்து அதே விளையாட்டை அமைதியாகத் தொடருங்கள். மறுபடி கடித்தால் மறுபடி “போதும்”. வரிசையாக மூன்று தடவை ஆனால், பாடத்தை நிறுத்திவிட்டுத் தூங்க வையுங்கள். அது மூன்றாம் வகைக் கடி.

இதில் ஒரு வாரம் நாலைந்து நாள் நன்றாகப் போய், திடீரென்று கடி முன்னைவிட மோசமாகும். வழக்கமாகக் கிடைத்த பரிசு கிடைக்காதபோது எந்த விலங்கும் முதலில் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். மின்தூக்கி வராவிட்டால் நாம் பொத்தானை நாலு தடவை ஓங்கி அழுத்துவோமே, அது மாதிரி. “இது வேலைக்காகாது” என்று பலர் கைவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். கைவிட்டால், பலமாகக் கடித்தால் பலன் உண்டு என்று குட்டி கற்றுக்கொண்டிருக்கும்.

கடிக்காத நேரத்திலும் ஒரு பயிற்சி. உலர் தீவனத்தில் நாலைந்து உருண்டைகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு குட்டியின் மூக்குக்கு நேரே பிடியுங்கள். முதலில் நக்கும். அப்புறம் முன்பற்களால் விரல் மூட்டைச் சுரண்டும், காலால் பிறாண்டும், ஒருமுறை குரைக்கவும் செய்யும். கை அசையவே கூடாது. ஏதோ ஒரு கணத்தில் சலித்துப்போய் மூக்கை ஓர் அங்குலம் பின்னால் எடுக்கும். அந்தக் கணத்தில் கையை விரித்துவிடுங்கள். ஏழெட்டுத் தடவையில், கையைக் கண்டதும் பின்வாங்கி உட்கார்ந்து முகத்தைப் பார்க்கத் தொடங்கும் குட்டிகள் உண்டு. முண்டினால் கிடைக்காது, விட்டால் கிடைக்கும் என்று ஒரு சொல்லும் இல்லாமல் புரிந்துகொள்கிறது.

மற்ற குட்டிகளோடு விளையாடுவதும் இதே பாடத்தைச் சொல்லித்தரும். நாய் உலகத்தை அறிந்துகொள்ளும் உணர்வுமிக்க காலம் மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரை என்று அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் செய்து 1965 இல் வெளியிட்ட நீண்ட ஆய்வு காட்டியது. தடுப்பூசி முழுவதும் முடியும்வரை காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆன, நோயில்லாத குட்டிகள் சுத்தமான உள்ளிடத்தில் கூடுவது தவறில்லை என்பது நாய் நடத்தையைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்களின் நிலைப்பாடு.

மெல்லக் கொடுக்கும் பொருளில் ஒரு சோதனை: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். மான் கொம்பு, கெட்டி எலும்பு போன்றவை பல்லையே உடைத்துவிடும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து தொண்டையில் குத்தும். நனைத்து முறுக்கி உறையவைத்த துணி ஈறுக்கு இதம்; அதைக் கொடுத்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பழைய செருப்பைக் கொடுக்க வேண்டாம். எது பழையது எது புதியது என்ற பேதம் அதற்குத் தெரியாது.

குழந்தைகள் ஓடினால் துரத்தும், கத்தினால் தாவும். கையை மார்போடு கட்டிக்கொண்டு மரம் போல அசையாமல் நிற்கச் சொல்லிக்கொடுங்கள். அதுவும் பெரியவர் ஒருவர் அதே அறையில் இருந்தால் மட்டும்.

மூக்கில் தட்டுவதும் வாயை இறுக்குவதும்

இவை வெறும் வழக்கமாக மட்டும் வரவில்லை, ஒரு கோட்பாட்டின் துணையோடும் வந்தன. 1947 இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகச் சண்டையிடுவதாக எழுதினார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970 இல் அந்தக் கருத்தைப் பிரபலமாக்கினார். நாய் ஓநாயின் வழி வந்ததுதானே, அதனால் குட்டியை மல்லாக்கத் தள்ளி அமுக்கி “நான்தான் தலைவன்” என்று காட்ட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சிலர் அதை நீட்டிக்கொண்டார்கள். ஆனால் காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த அதே மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999 இல் எழுதித் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். எட்டு வாரக் குட்டி உங்கள் பதவிக்குப் போட்டியிடவில்லை.

அடியால் வரும் விளைவுகள் இரண்டு. ஒன்று, சில குட்டிகள் அதை முரட்டு விளையாட்டாக எடுத்துக்கொண்டு வேகமெடுக்கும். மற்றது இன்னும் மோசம்: முகத்தை நோக்கி வரும் கை என்றாலே பயம் என்று பதிந்துவிடும். நாலு மாதம் கழித்துக் கழுத்துப்பட்டை மாட்டக் குனிந்தால் பல்லைக் காட்டும் நாய் சில நேரம் இப்படித்தான் உருவாகிறது. உறுமினால் அடிப்பதும் இதே தவறு. உறுமல் என்பது முன்னறிவிப்பு. அதை அடித்து அடக்கினால், அறிவிப்பு இல்லாமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

எப்போது கவலைப்பட வேண்டும்

விளையாட்டு உறுமலையும் உண்மையான எச்சரிக்கையையும் சத்தத்தை மட்டும் வைத்து உறுதியாகப் பிரிப்பது கடினம். உடம்பை வைத்துப் பிரிக்கலாம். விளையாடும் குட்டி நெளியும், துள்ளும், இடையிடையே தானே நிறுத்தும். ஐந்தாம் வகைக் கடியில் உடம்பு கம்பு போல விறைக்கும். கிண்ணத்துக்கு மேல் குனிந்தபடி அசையாமல் நின்று, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி வெள்ளை விழி தெரியப் பார்க்கும். உதடு உயரும். கவ்விவிட்டு விடாமல் அழுத்திப் பிடிக்கும்.

இப்படிக் கண்டால் பிடுங்காதீர்கள். கிண்ணத்துக்குக் கிட்ட வரும் கை எதையாவது சேர்த்துப் போடவே வருகிறது என்று பழக்குங்கள். வாயில் இருக்கும் பொருளுக்கு அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு மேல் வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலி, வயிற்றுவலி, மூட்டுவலி இருக்கும் குட்டியும் தொட்டால் இப்படித்தான் செய்யும்.

தோல் கிழிந்தால்

“நம் வீட்டுக் குட்டிதானே” என்று துடைத்துவிட்டுப் போவது ஆபத்து. ரேபிஸ் குட்டிகளுக்கும் வரும். அதற்கான ஊசி வழக்கமாக மூன்று மாதத்தை ஒட்டித்தான் போடப்படுகிறது. எந்தத் தாய்க்கு, எங்கே பிறந்தது என்று தெரியாத குட்டியைப் பற்றி எதையும் அனுமானிக்க முடியாது. பல் பட்டுத் தோல் உரிந்தாலோ, ரத்தம் துளிர்த்தாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. கழுவிய கையோடு அன்றே மருத்துவரிடம் போய்க் குட்டியின் வயதையும் ஊசி விவரத்தையும் சொல்லுங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அறிகுறி தொடங்கியபின் ரேபிஸிலிருந்து பிழைப்பது அநேகமாக இல்லை.

எவ்வளவு நாள் ஆகும்

ஒழுங்காகச் செய்தால் அழுத்தம் சில வாரங்களில் குறையும். எண்ணிக்கை குறைய நாலைந்து மாத வயது ஆகும். பல் மாறும்போது ஒரு சரிவு, ஏழெட்டு மாதத்தில் இளவட்டப் பருவத்தில் இன்னொரு சரிவு வரலாம். பழைய விதிகளையே திரும்பவும் கடைப்பிடித்தால் போதும்.

ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். புதிய கோரைப் பல் வந்தபிறகும் பழைய ஊசிப் பல் விழாமல் அதன் பக்கத்திலேயே நின்றால், கடி நின்றுவிட்டதே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கீழ்க் கோரைப் பல் அந்த நெருக்கத்தில் உள்பக்கம் தள்ளப்பட்டு, வாயை மூடும்போதெல்லாம் மேலண்ணத்தில் குத்தத் தொடங்கும்.